தெருப் படிப்பகத்துக்கு ஒரு க்யூஆர் கோடு: வடசென்னை மரபுக் குழுக்கள் நன்கொடை திரட்ட ஒரு வழிகாட்டி

எங்கள் தொல்லை 150 ரூபாயில் தொடங்கியது. ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரபு நடை முடிந்ததும், வந்தவர்களில் சிலர் பணம் கொடுக்க முன்வந்தார்கள். எங்கள் தெருப் படிப்பகத்தில் கிடந்த பழைய புகைப்படங்களையும் தீர்மானப் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து வைப்பதுதான் நோக்கம். யார் கையிலும் சில்லறை இல்லை. குழுச் செயலாளர் தம் செல்பேசியை எடுத்துத் தம் சொந்தக் கணக்கின் க்யூஆர் கோட்டை நீட்டினார். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்து அவருடைய சேமிப்புக் கணக்கு முடக்கப்பட்டது. அதில் 150 ரூபாய் அனுப்பிய ஒருவரின் கணக்கு வேறு மாநிலத்தில் பதிவான ஏதோ ஓர் இணைய மோசடிப் புகாரின் சங்கிலியில் இருந்திருக்கிறது. 150 ரூபாய்க்காக மனிதர் நாற்பது நாளாகச் சம்பளத்தை எடுக்க முடியாமல் தவித்தார்.

அதற்குப் பிறகுதான் இதை முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். முறையாகச் செய்ய ஒரு வருடம் ஆயிற்று. அதில் பாதி எங்கள் அறியாமையால் போன காலம். அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. 80ஜி (கொடுப்பவருக்கான வரிச்சலுகை), 12ஏ (சங்கத்துக்கான வரிவிலக்கு) என்ற பழைய பெயர்களையே எல்லோரும் வாயில் வைத்திருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். விண்ணப்பிக்கும்போது வருமான வரித் தளத்தில் உள்ள இன்றைய எண்ணைப் பாருங்கள்.

1. எதற்காகத் திரட்டுகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

வீண்வேலை என்று தோன்றும். ஆனால் பிறகு வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலுக்காக என்றால் நீங்கள் தனியாகக் க்யூஆர் ஒட்டி வசூல் செய்யக் கிளம்ப வேண்டாம். திருவொற்றியூர்க் கோயிலின் மீது எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி. துறைக்குச் சொந்த இணைய நன்கொடை வழி இருக்கிறது, கொடுக்க விரும்புகிறவர்களை அங்கே அனுப்புங்கள். ஜார்ஜ் கோட்டைபோல மத்தியத் தொல்லியல் துறையிடம் இருப்பவற்றில் நீங்கள் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. அவற்றுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு 1996இல் அமைக்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதி இருக்கிறது.

மிச்சம் இருப்பது உங்கள் களம்: படிப்பகப் பதிவேடுகள், மன்றங்களின் பழைய படங்கள், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களின் கோப்பைகள், ஆலைத் தொழிலாளர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது, மரபு நடைகள், சிறு வெளியீடுகள். வடசென்னையில் இதற்கே ஒரு தலைமுறைக்கு வேலை இருக்கிறது.

நோக்கத்தை விதிகளில் எழுதும்போது ஒரு சொற்றொடரைக் கட்டாயம் சேருங்கள்: "நினைவுச் சின்னங்கள், கலை அல்லது வரலாற்றுச் சிறப்புள்ள இடங்கள், பொருள்கள் ஆகியவற்றைப் பாதுகாத்தல்." வருமான வரிச் சட்டம் அறநோக்கங்களைப் பட்டியலிடும் இடத்தில் இதற்குத் தனி இடம் தருகிறது. நாங்கள் முதலில் "பொதுமக்கள் நலனுக்கான பண்பாட்டுப் பணிகள்" என்று பொதுவாக எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் "இதரப் பொதுநலன்" என்ற வகையில் விழுவீர்கள். அந்த வகைக்குக் கட்டணம், விற்பனை வழியாக வரும் பணம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. நடைக்குக் கட்டணம் வாங்கும் சிறு குழு அந்த வரம்பை ஒரே மாதத்தில் தாண்டிவிடும். எங்கள் ஆடிட்டர் இதைச் சுட்டிக்காட்டியபோது பதிவு முடிந்திருந்தது. விதியைத் திருத்த மறுபடி பொதுக்குழு, மறுபடி தீர்மானம், மறுபடி பதிவாளர் அலுவலகம்.

2. சங்கமா, அறக்கட்டளையா

தெருவார் சேர்ந்து நடத்தும் குழு என்றால் சங்கம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தலில் மாறலாம். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இரண்டு மூன்று பேர் போதும் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மூன்று பேருக்குள் மனத்தாங்கல் வந்தால் அவிழ்ப்பது கடினம். யாராவது வீடோ பெரிய சேகரிப்போ எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால் அறக்கட்டளையைப் பற்றி யோசியுங்கள்.

தேவைப்படுபவை: சங்கத்தின் நோக்கக் குறிப்பு, விதிகள், உறுப்பினர்களின் பெயர், தொழில், முகவரி, அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று. கடைசியில் சொன்னதுதான் வடசென்னையில் வழக்கமான முட்டுக்கட்டை. நம் படிப்பகங்கள் பல சாலையோரத்தில், புறம்போக்கில், யாரோ ஒரு பெரியவர் வாய்மொழியாக விட்டுக்கொடுத்த மூலையில் நிற்பவை. சொத்து வரி ரசீது இருக்காது. மின் இணைப்பு மறைந்துபோன ஒருவர் பெயரில் இருக்கும். அந்த முகவரியைக் கொடுத்து அலையாதீர்கள். உறுப்பினர் ஒருவரின் வீட்டு முகவரியைக் கொடுத்து, வீட்டு உரிமையாளரிடம் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதமும், வரி ரசீது நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் கடமை தீர்ந்தது என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறவர்கள் அதிகம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சில வருடம் விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் சேரும். வங்கி புதுப்பிப்புக் கேட்கும் நாளில் அது கழுத்தைப் பிடிக்கும்.

3. பெயரும் எழுத்தும்

இங்கேதான் நாங்கள் மூன்று மாதம் இழந்தோம்.

எங்கள் சங்கத்தின் பெயரில் வண்ணாரப்பேட்டை வருகிறது. ஆங்கிலத்தில் இந்த ஒரு பேட்டைக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணிப் பாருங்கள். வாஷர்மேன்பேட், வாஷர்மென்பேட், ஓல்டு வாஷர்மென்பேட், வண்ணாரப்பேட்டை, அதிலேயே ஒற்றைப் 'ட்', இரட்டை 'ட்'. பதிவுச் சான்றிதழில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, ரப்பர் ஸ்டாம்பில் இன்னொன்று என்று வந்து சேர்ந்தது. வங்கி திருப்பி அனுப்பியது. பான் திருத்தினோம். திருத்தியதில் "சங்கம்" என்பதன் ஆங்கில எழுத்து மாறியிருந்தது. மறுபடி திருப்பினார்கள்.

எனவே பதிவுக்குப் போகும் முன்பே ஒரு காகிதத்தில் சங்கத்தின் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதி, எல்லா நிர்வாகிகளும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். பெயரில் பேட்டையைச் சேர்க்காமல் இருந்தால் இன்னும் நிம்மதி. "தேசிய", "அரசு" போன்ற சொற்களையும் தவிருங்கள், பெயர் அனுமதியில் தடை வரும்.

நிர்வாகிகளின் இனிஷியலும் இதே கதைதான். ஆதாரில் ஓர் எழுத்து, பானில் அப்பா பெயர் முழுதாக, வாக்காளர் அட்டையில் இனிஷியல் பின்னால். மூன்றும் பொருந்துகிறவரைப் பொருளாளராகத் தேர்ந்தெடுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சங்கத்தின் பெயரில் பான் வாங்க நாங்கள் கட்டியது 107 ரூபாய். விண்ணப்பத்தில் "தனிநபர்" என்ற கட்டத்தைத் தவறியும் தொட்டுவிடாதீர்கள்.

4. வங்கிக் கணக்கு

கொண்டுபோக வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், விதிகளின் சான்றொப்பமிட்ட நகல், சங்கத்தின் பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், நிர்வாகிகளின் ஆதாரும் பானும் புகைப்படமும், ரப்பர் ஸ்டாம்பு. தீர்மானத்தில் யார் யார் கையெழுத்திடலாம், எத்தனை பேர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது இருக்க வேண்டும். இணைய வங்கி வசதியும் க்யூஆர் வசதியும் பெற அனுமதி என்ற வரியையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்காக இன்னொரு முறை செயற்குழு கூட வேண்டியிருக்கும்.

மத்திய அரசின் நிதி ஆயோக் தொண்டு அமைப்புகளுக்காக நடத்தும் தர்பன் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 2023இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, லாபநோக்கற்ற அமைப்புகளின் விவரம் அந்தத் தளத்தில் இருப்பதை வங்கிகள் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

பொறி ஒன்று: "சங்கம் என்றால் நடப்புக் கணக்குத்தான்" என்று எங்களிடம் சொன்னார்கள். நடப்புக் கணக்கில் வட்டி இல்லை, குறைந்தபட்ச இருப்பு அதிகம், குறைந்தால் அபராதம். பதிவு பெற்ற சங்கங்கள் சேமிப்புக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அமைதியாக, ஆனால் விடாமல் கேளுங்கள். நாங்கள் கிளையை மாற்றிக் கேட்டோம், கிடைத்தது.

5. க்யூஆர் வாங்குவது

பணம் வரும் வழியையும் போகும் வழியையும் பிரித்துவிடுங்கள். வருவது க்யூஆர் வழியாக. போவது இருவர் கையெழுத்திட்ட காசோலை வழியாக. இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கைச் சாதாரண யுபிஐ செயலியில் பெரும்பாலும் இணைக்க முடியாது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது நமக்கு நல்லதுதான். வங்கியிடம் "வணிகர் க்யூஆர்" என்று கேட்டு வாங்கினால், பணம் நேரே சங்கக் கணக்குக்கு வரும், எடுக்கும் அதிகாரம் செல்பேசியில் இருக்காது.

விண்ணப்பத்தில் வணிக வகை என்று ஒரு கட்டம் இருக்கும். நிரப்ப வரும் இளைஞர் அவசரத்தில் மளிகை என்று போட்டுவிட்டுப் போவார். அறப்பணி அமைப்புகளுக்கான குறியீட்டு எண் 8398. அதைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

செலவு: வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு அதைப் பெறுபவரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறை. கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டுபவர்களின் தொகையில் கட்டணம் பிடிக்கப்படலாம், ஒப்பந்தத்தைப் படியுங்கள். இணையதளத்தில் கார்டு வழியாகவும் வாங்க ஒரு கட்டண நுழைவாயில் (பேமென்ட் கேட்வே) வேண்டுமென்றால் சுமார் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாயில் 23 ரூபாய் 60 காசு போகும். சிறு குழுவுக்குத் தொடக்கத்தில் அது தேவையே இல்லை.

தொகையை உரக்கச் சொல்லும் அந்தச் சிறு பெட்டியும் தேவையில்லை. மாத வாடகை கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டே இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு நடை நடத்தும் நமக்கு அது எதற்கு? தங்கசாலைத் தெருச் சத்தத்தில் அது சொல்வது காதிலும் விழாது.

6. கொடுத்தவர் யார்?

யுபிஐயில் பணம் வந்தால் பெயர் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடை, வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அநாமதேய நன்கொடை. அது ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்கச் சமய நோக்கமுள்ள அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, கோயில் உண்டியல் அதனால்தான் தப்பிக்கிறது. மரபுக் குழுவுக்கு அந்த விலக்கு இல்லை.

நாங்கள் செய்தது எளிது. க்யூஆர் அட்டையின் கீழே இன்னொரு கோடு, அதை ஸ்கேன் செய்தால் ஒரு கூகுள் படிவம். பெயர், முகவரி, செல்பேசி எண், பரிவர்த்தனை எண், வரிச்சலுகை வேண்டுமென்றால் பான். ஐந்து கட்டங்களுக்கு மேல் வைத்தால் யாரும் நிரப்புவதில்லை. பான் எண்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சரிபார்க்கும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நடைக் கட்டணமும் நன்கொடையும் வேறு வேறு. 200 ரூபாய் வாங்கி அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினால் அது கட்டணம். அதற்கு நன்கொடை ரசீது தரக்கூடாது. இரண்டு ரசீதுப் புத்தகம், முடிந்தால் இரண்டு க்யூஆர். ஆண்டு முடிவில் ஆடிட்டர் உங்களை வாழ்த்துவார். பதாகையில் கடைக்காரர் பெயரை நன்றியோடு போடுவது வேறு, கடையின் விளம்பரமாகவே போட்டுப் பணம் வாங்குவது வேறு. பின்னது ஜிஎஸ்டி கணக்கில் சேவை ஆகிவிடும்.

ரொக்கத்தை அறவே மறுக்காதீர்கள். எங்கள் படிப்பகத்தின் மூத்தவர்கள் நூறு ரூபாய்த் தாளை மடித்துக் கையில் வைப்பதில்தான் கொடுத்த நிறைவு காண்கிறார்கள். வாங்கி, ரசீது கொடுத்து, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை மட்டும் முன்னால் சொல்லிவிடுங்கள்.

7. 12ஏ, 80ஜி

12ஏ உங்கள் சங்கத்தின் வருமானத்துக்கான விலக்கு. 80ஜி கொடுப்பவருக்கான சலுகை, நம்மைப் போன்ற குழுக்களுக்குப் பொதுவாக நன்கொடையில் பாதி, அதற்கும் வருமானத்தைப் பொறுத்த உச்சவரம்பு உண்டு. விண்ணப்பம் இணையத்தில்தான், அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டருக்குக் கொடுப்பதுதான் செலவு. மூன்று பேரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், நாங்கள் கேட்டபோது ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதைப்போல் நான்கு மடங்கு.

வேலை தொடங்காத சங்கத்துக்கு ஒரு வகை விண்ணப்பம், ஏற்கெனவே தொடங்கிவிட்ட சங்கத்துக்கு வேறு வகை. முதல் வகையில் மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு சுமார் ஒரு மாதத்தில் வந்துவிடும். இரண்டாவதில் கணக்கு, செயல்பாட்டுக் குறிப்பு எல்லாம் கேட்டு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் நிராகரிப்பு. தற்காலிகப் பதிவு வாங்கியவர்கள் வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, எது முந்துகிறதோ அதற்குள் நிலையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மறந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு சாதிக்கோ ஒரு மதத்தாருக்கோ மட்டும் என்று நோக்கம் எழுதியிருந்தால் 80ஜி கிடைக்காது.

கிடைத்தபின் ஆண்டுதோறும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்து, தளத்திலிருந்து இறக்கும் சான்றிதழை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். நீங்கள் அச்சடித்த அழகான ரசீதை வைத்து அவர்கள் சலுகை கோர முடியாது.

இவ்வளவு பாடுபட்டு வாங்க வேண்டுமா? உங்களுக்குக் கொடுப்பவர்கள் நூறும் இருநூறும் தருகிற தெருவார் என்றால் அவர்களில் பலர் வரியே கட்டுவதில்லை. கட்டுபவர்களிலும் புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. நிறுவனங்களிடமோ வசதியானவர்களிடமோ போகும் எண்ணம் வந்த பிறகு 80ஜி பற்றி யோசித்தால் போதும். 12ஏயைத் தள்ளிப்போடாதீர்கள்.

8. சிங்கப்பூர் மாமா

வடசென்னையில் கடல் கடந்த உறவில்லாத வீடு குறைவு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வாழும் வியாசர்பாடியில் கேட்டால் மலேசியா, சிங்கப்பூர் என்று கிளை விரியும். "நான் ஐம்பதாயிரம் அனுப்புகிறேன்" என்று ஒரு மாமா சொல்வார். முதலில் கேட்க வேண்டியது அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று.

இந்தியக் குடிமகனாக இருந்து, வெளிநாட்டில் சம்பாதித்த தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பணம் அனுப்பும் வசதியான பேநௌவும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டன. மாமாவால் செல்பேசியிலேயே உங்கள் பொருளாளருக்கு அனுப்பிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. அனுப்ப முடிவதும் வாங்க அனுமதி இருப்பதும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். சொல்லி மறுக்கச் சங்கடமாக இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நடைக்கு வரச் சொல்லுங்கள்.

9. நடை நாளன்று

அட்டையை வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். திரையில் சங்கத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். படிப்பகச் சுவரில் நிரந்தரமாக ஒட்டி வைத்தால் மேலே வேறொரு க்யூஆர் கோட்டை ஒட்டிவிட்டுப் போக ஆள் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மழைக்காலத்துக்கு லேமினேஷன்.

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதுவும் தேவையில்லை என்பதை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் சொல்லி வையுங்கள். "நன்கொடை அனுப்புகிறேன், வரும் கோரிக்கையை ஏற்று எண்ணைப் போடுங்கள்" என்று எங்கள் பொருளாளருக்கே அழைப்பு வந்தது. ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

புத்தகம் விற்கும் மேசையில் பணம் அனுப்பியதாகக் காட்டும் செல்பேசி ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வணிகர் செயலியில் இன்னொருவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுக்க முடிந்தால் மேசையில் இருப்பவருக்குக் கொடுங்கள். பவளக்காரத் தெருப் பக்கம் சந்துகளில் சில இடங்களில் சிக்னல் எட்டாது, நடையின் முடிவிடத்தைத் திறந்த இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

10. எப்போது தொடங்குவது

ஆகஸ்ட் 22 சென்னை நாளையொட்டித்தான் நடைகளுக்குக் கூட்டம் வரும், கொடுக்கும் மனமும் வரும். அதற்குள் க்யூஆர் கையில் இருக்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே கிளம்புங்கள். சங்கப் பதிவுக்கு எங்களுக்கு ஏழு வாரம், பானுக்கு மூன்று வாரம், திருத்தங்களுக்கு அந்த மூன்று மாதம், கணக்குக்கு ஒரு மாதம், க்யூஆருக்குப் பத்து நாள். எழுத்துக்கூட்டலைச் சரியாக வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தைக் கழித்துவிடலாம்.

வசூலை மாதத்தின் முதல் வாரத்தில் வையுங்கள். காசிமேட்டில் திரட்டுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும் வீட்டில் போய்ப் பழைய புகைப்படத்துக்குப் பணம் கேட்டு, எங்களுக்குக் கிடைத்தது தேநீரும் ஒரு நல்ல திட்டும்.